முக்கால் மணி நேரப் பூட்டு

அத்தியாயம் 14

சென்ற வாரம் நோலீன் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நமக்கு அது ஒரு வாரத்துக்கு முந்தைய கதை. அவளுக்குப் பத்தொன்பது நாட்கள் ஆகிவிட்டன. அந்தப் பத்தொன்பது நாளில் மகள் டீகனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

சண்டை எதற்கென்று புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். டீகனும் ஹேமிஷும் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. மருமகன் என்ற உறவு அறுந்த பிறகும் நோலீன் அவனிடம் மாதத்துக்கு ஒருமுறை போனில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவன் பிறந்தநாளுக்குப் பழக்கேக் செய்து, கிழக்கே போகிற ட்ரக்கில் கொடுத்தனுப்பினாள். அது டீகன் காதுக்கு எட்டியது. ஹோபார்ட்டிலிருந்து போன் பண்ணி, "உனக்குப் பிள்ளை நானா, அவனாம்மா?" என்று கேட்டாள்.

கேட்ட கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லியிருக்கலாம். நோலீன் ஐந்து விநாடி யோசித்தாள். அந்த ஐந்து விநாடிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே, பேசினால் அழுதுவிடுவேன், சொல்ல வேண்டியதை ஃபோல்டரில் எழுதிப் போடுகிறேன் என்று சொல்லி டீகன் போனை வைத்துவிட்டாள்.

அந்த ஃபோல்டர்தான் இந்த வாரத்துத் தலைவலி. ஹோபார்ட்டில் டீகன் வீட்டு அலமாரியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர், இன்டர்நெட் வழியாக வந்து, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நோலீனின் கம்ப்யூட்டரில் அவள் சொந்த ஃபோல்டர் மாதிரியே திறக்கும். மகள் படம் போடுவாள், அம்மா கடிதம் போடுவாள். ஆறு வருடமாக இருவருக்கும் நடுவே அந்த வழிதான் இருந்தது. அதை அமைத்துக் கொடுத்தவன் வேறு யார், ஹேமிஷ்தான்.

சண்டைக்கு இரண்டு வாரம் முன்னால் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அவள் கணவன் கெல்வின் அதைப் போர்வையில் சுற்றி, செடூனா போகிற ட்ரக்கில் டிரைவர் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டு அனுப்பினான். பழுது பார்த்து, அதே மாதிரி ஒரு ட்ரக்கில் ஏறி, சண்டை நடந்த மறுநாள் அது வீடு வந்து சேர்ந்தது. நோலீன் ஃபோல்டரைத் தட்டினாள். சிவப்புப் பெருக்கல் குறி. இணைக்க முடியவில்லை என்றது. மறுநாளும் அப்படியே. பத்தொன்பது நாளும் அப்படியே.

எழுதிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு மகள் பூட்டை மாற்றிவிட்டாள் என்றுதான் அவள் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்?

போன் பண்ணிக் கேட்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். பண்ணாதே என்று சொன்னவளுக்குப் பண்ணி, "என்னைப் பூட்டி வெளியே விட்டுட்டியா?" என்று எந்தத் தாய் கேட்பாள்? ஆமாம் என்று பதில் வந்தால் அதை எங்கே வைத்துக்கொள்வாள்? ஆகவே அவள் தினமும் சாயங்காலம் அடுப்பை அணைத்ததும் டீகனுடைய பழைய அறையில் உட்கார்ந்து ஒரு கடிதம் தட்டினாள். என்றைக்காவது ஃபோல்டர் திறந்தால் போடலாமென்று கம்ப்யூட்டரிலேயே சேர்த்து வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயருக்குப் பதில் எண். சில கடிதங்களில் சமாதானம் இருந்தது, சிலவற்றில் ரோட்டுச் செய்தி இருந்தது. ஒன்பதாம் நாள் எழுதியதை மட்டும் அவள் மறுபடி திறந்து பார்க்கவில்லை.

இன்று வியாழக்கிழமை.

நோலீன் சமைக்கும் ரோட்ஹவுஸ், யூக்ளாவுக்குக் கொஞ்சம் மேற்கே, நெடுஞ்சாலையில் தனியாக நிற்கிறது. முன்னால் பெட்ரோல், நடுவில் சாப்பாடு, பின்னால் பன்னிரண்டு மோட்டல் அறைகள், அதற்கும் பின்னால் அவளும் கெல்வினும் இருக்கும் தகர வீடு. அதற்குப் பிறகு உப்புப் புதரைத் தவிர ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேடைக்கு மேலே மூன்று கடிகாரங்கள். இடது பக்கம் பெர்த், வலது பக்கம் அடிலெய்ட், நடுவில் இருப்பது இந்த ஊர் மணி. பெர்த் மணியைவிட முக்கால் மணி நேரம் முன்னே ஓடும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது, ஆனால் இந்த ரோட்டில் நாலைந்து இடத்தில் வாழும் நூறு பேர் அதன்படிதான் எழுந்து, சாப்பிட்டு, தூங்குகிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே படம் எடுப்பார்கள். நோலீனுக்கு இருபத்தாறு வருடமாக அது வெறும் மணி.

நடுக் கடிகாரத்தில் எட்டேகால் இருக்கும்போது கிளைவ் வந்து உட்கார்ந்தான். வாரம் இருமுறை வருகிற ட்ரக் டிரைவர். முட்டையும் பன்றிக் கறியும் கேட்டுவிட்டு, சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"உன் பொண்ணு இன்னிக்கு ஐஸுக்குக் கிளம்புதாமே, நோல். என் தம்பி அந்தக் கப்பல்லதான் சாமான் ஏத்துறான். சமையலுக்கு நம்ம ரோட்டுப் பொண்ணு ஒண்ணு வருதுன்னு சொன்னான். குளிர்காலம் பூரா அங்கேதானாம்."

ஐஸ் என்றால் அண்டார்க்டிகா. அங்கே குளிர்காலம் தங்குகிறவர்களை நவம்பர்வரை எந்தக் கப்பலும் திருப்பிக் கொண்டுவராது. இது பிப்ரவரி.

நோலீன் முட்டையைத் திருப்பினாள். "தெரியும், தெரியும். சொன்னா," என்றாள். முட்டை கருகியது. அதைக் குப்பையில் தள்ளிவிட்டு வேறு இரண்டு உடைத்து ஊற்றினாள். பெற்ற பெண் உலகத்தின் அடிக்குப் போகிறாள், அதை ட்ரக் டிரைவர் வந்து சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவமானம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிது, நவம்பர்வரை அவள் முகத்தைப் பார்க்க முடியாது என்பது.

கிளைவுக்குத் தட்டை வைத்துவிட்டு, மேடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பெட்ரோல் கவுன்டர் பெண்ணிடம் கைகாட்டிவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குப் போனாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஹேமிஷுக்குப் போன் போட்டாள். யாரிடம் பேசியதால் இவ்வளவும் வந்ததோ அவனிடமே மறுபடி. ஆனால் அந்தப் பூட்டைச் செய்தவன் அவன்தான்.

ஹோபார்ட்டிலேயே இருக்கும் ஹேமிஷ் உடனே எடுத்தான். டீகன் கிளம்புவது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் அவனிடம் பேசுவதில்லை. போன வாரம் ஒரே ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கேட்டிருந்தாளாம். பெட்டியில் இருப்பதைப் பத்திரமாக ஒரு டிஸ்க்கில் எப்படி எடுத்துக்கொள்வது என்று. வீட்டில் வேறு ஆட்கள் குடிவருகிறார்கள், வியாழக்கிழமை நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை நிறுத்திவிடுவதாகச் சொன்னாளாம்.

"எங்க பன்னிரண்டு. உங்களுக்கு ஒன்பதே முக்கால்," என்றான். "இப்ப உங்களுக்கு எட்டு நாற்பது. ஒரு மணி நேரம் இருக்கு, நோலீன். ஏன், நீங்க இன்னும் எடுக்கலையா?"

நோலீன் விஷயத்தைச் சொன்னாள். பத்தொன்பது நாளாகத் திறக்கவில்லை என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. அவன் நானே டீகனைக் கூப்பிட்டுக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லட்டுமா என்றான். வேண்டாம் என்றாள். அம்மாவுக்காக அவன் பேசினான் என்றால் சண்டை முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும், ஹேமிஷ். அவ பூட்டை மாத்திட்டாளா, இல்லை என் மிஷின்தான் சரியில்லையா? அதைச் சொல்லு போதும்."

அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். இன்டர்நெட் வருகிறதா? வந்தது, கூரைமேல் டிஷ் ஒழுங்காகத்தான் இருந்தது, வானிலைப் பக்கம் திறந்தது. ஃபோல்டரின் முகவரியைப் படிக்கச் சொன்னான். படித்தாள், சரியாக இருந்தது. பிறகு கம்ப்யூட்டருக்குள் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலைத் திறக்கவைத்து, வெளியூர் ஃபோல்டர்களைப் பிடித்துக் கொடுக்கிற வேலை எது என்று பெயர் சொல்லித் தேடச் சொன்னான். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு தேடினாள். அது நின்றுபோய்க் கிடந்தது.

ஹேமிஷ் மூச்சு விட்டான். செடூனாவில் கழற்றிப் போட்டபோது நின்றிருக்கும், மகள் பூட்டவில்லை, மிஷின்தான் என்றான். அதை ஓடவிட்டு, மறுபடி ஃபோல்டரைத் தட்டச் சொன்னான்.

சிவப்புக் குறி போய்விட்டது. பத்தொன்பது நாளில் முதல்முறையாகப் பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு என்றால் இரண்டு பகுதி. முதலில் டீகன் பிறந்த தேதியும் அவள் வளர்த்த நாயின் பெயரும். அதன் பின்னால் ஆறு இலக்கம். அந்த ஆறு இலக்கத்தைக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு குட்டி நிரல் அரை நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகக் காட்டும். பெட்டியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும்.

தட்டினாள். தவறு என்றது.

எழுத்து பிசகியிருக்கும் என்று மறுபடி தட்டினாள். தவறு. கம்ப்யூட்டர் மனதில் வைத்திருக்கும் பழைய பாஸ்வேர்டுகளை அழிக்கச் சொன்னான் ஹேமிஷ். அழித்தாள். ஃபோல்டர் இணைப்பையே நீக்கிவிட்டு முதலிலிருந்து போடச் சொன்னான். போட்டாள். தவறு.

"மணி எத்தனை காட்டுது?" என்றான் திடீரென்று.

"ஒன்பது எட்டு."

அவன் தன் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டான். பதினொன்று இருபத்து மூன்றில் இரண்டே கால் மணி போனால் ஒன்பது எட்டு. இந்த ஊர் மணிக் கணக்கு அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். கல்யாணத்தன்று பெர்த்திலிருந்து வந்த அவன் வீட்டார் முக்கால் மணி நேரம் பிந்தி வந்ததில், பாதிரியார் ஒரு தூக்கமே போட்டு எழுந்திருந்தார். மணி சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னான், அடுத்ததாக எதையும் தட்டச் சொல்லவில்லை.

அதிலேயே நோலீனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"மாத்திட்டாபோல," என்றாள்.

"எனக்கும் வேற ஒண்ணும் தோணலை, நோலீன்." அவன் மெதுவாகச் சொன்னான். மிஷின் பழுதாக இருந்தவரைக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது மிஷின் கதவுவரை கொண்டுபோய் விட்டுவிட்டது, உள்ளே விடமாட்டேன் என்றது மகள். சரி செய்யாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது கெல்வின் உள்ளே வந்தான். ஜெனரேட்டர் அறையிலிருந்து வந்தவன், கையில் எண்ணெய்த் துணி. அவன் ஒரு நாளில் பேசுகிற வார்த்தைகளை எண்ணிவிடலாம். அதிலும் பாதி ஜெனரேட்டரிடம் பேசுவது. கிளைவ் அவனிடமும் சொல்லியிருக்க வேண்டும், நேராக இந்த அறைக்குத்தான் வந்தான். மனைவி முகத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, கண்ணில் பட்டதைச் சொன்னான்.

"மணியாவது ஒழுங்கா காட்டுதா இப்ப? வந்த புதுசுல பெர்த் மணிக்கே ஓடிப்போய்ட்டு இருந்துச்சே."

"நான்தான் அதை நிறுத்திட்டேனே," என்றாள் நோலீன் அவன் பக்கம் திரும்பாமலே. "எத்தனை தடவை வச்சாலும் பின்னால போச்சு. தானா மணி மாத்திக்கிற பட்டனை அணைச்சுட்டு, கையால வச்சேன்."

போனில் ஹேமிஷ், "என்ன சொன்னீங்க?" என்றான். பிறகு, "நோலீன், மணிக்குப் பக்கத்துல ஊர்ப் பேரு ஒண்ணு இருக்கும். அந்த அமைப்பைத் திறந்து, என்ன ஊருன்னு படிங்க," என்றான்.

திறந்தாள். பெர்த் என்று இருந்தது.

ஹேமிஷ் சிரித்தானா அழுதானா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. அவன் ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் யூக்ளா என்று வைத்திருந்தான். செடூனாக்காரர் அதைப் பார்த்திருப்பார், இப்படி ஒரு மணி உலகத்தில் உண்டா என்று நினைத்து, பாவம், திருத்திவிட்டார். கம்ப்யூட்டர் பெர்த் மணியைக் காட்டியது. நோலீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் முக்கால் மணி நேரம் முன்னே தள்ளினாள். பார்ப்பவர்களுக்கு மணி சரி. ஆனால் கம்ப்யூட்டர் தான் பெர்த்தில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது. பெர்த்தில் ஒன்பது எட்டு ஆக இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஆறு இலக்கம் மணியை வைத்துப் போடுகிற கணக்கு. நோலீனின் கம்ப்யூட்டர், இன்னும் வராத நேரத்தின் எண்ணைக் கொண்டுபோய் ஹோபார்ட் கதவில் தட்டிக்கொண்டிருந்தது.

"அவ பூட்டலை, நோலீன்," என்றான் ஹேமிஷ். "நீங்கதான் சீக்கிரம் வந்துட்டீங்க."

பட்டியலில் யூக்ளாவைத் தேடி எடுத்தாள். பட்டனைப் போட்டாள். மணி ஒரு கணம் துள்ளிவிட்டு ஒன்பது பத்தொன்பதில் வந்து நின்றது. மேடைக் கடிகாரமும் அதைத்தான் காட்டியிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. புதிய ஆறு இலக்கத்தைத் தட்டினாள்.

திறந்தது.

ஹேமிஷ், உள்ளே இருப்பது உங்கள் இருவருக்கும் உள்ளது, நான் வைத்துவிடுகிறேன் என்றான். துறைமுகத்துக்குப் போவாயா என்று நோலீன் கேட்டாள். கூப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தான். அவனுக்காக வருத்தப்படவும் இன்றைக்கு அவளுக்கு நேரமில்லை.

உள்ளே டீகனிடமிருந்து ஏழு கடிதங்கள் இருந்தன. முதலாவது சண்டைக்கு மறுநாள் தேதி. கத்தியிருக்கக் கூடாது என்று ஆரம்பித்தது. மூன்றாவதில் வேலை கிடைத்த செய்தி, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன் என்று. நான்காவதில் கேள்வி: இருபத்தைந்து பேருக்குப் பட்டாணி சூப் வைத்தால் உப்பு எவ்வளவு, நீ கண்ணளவில் போடுவாய், எனக்குக் கண்ணளவு வராதே அம்மா. ஐந்தாவதில் அதே கேள்வி, இன்னும் சுருக்கமாக. ஆறாவதில் ஒரே வரி: தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன், உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஏழாவதைக் கெல்வின் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான்.

"போன் பண்ணாதேன்னு சொன்னது நான்தான். நீ அதை அப்படியே பிடிச்சுக்கிட்டே. குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. வியாழன் பன்னிரண்டு மணிக்கு இதுல இருக்கிறதையெல்லாம் டிஸ்க்குல எடுத்துக்கிட்டுப் பெட்டியை நிறுத்திடுவேன். கப்பல் நாலு மணிக்கு. அதுக்குள்ள நீ எதுவாச்சும் போட்டா, குளிர்காலம் பூரா என்கிட்ட இருக்கும். போடலைன்னாலும் புரிஞ்சுக்குவேன்."

மணி ஒன்பது இருபத்தேழு.

நோலீன் அழவில்லை. சமையல்காரிக்கு அடுப்பில் ஒன்று இருக்கும்போது அழ வராது. கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்த பதினெட்டுக் கடிதத்தையும் மொத்தமாகப் பிடித்து, மகளின் ஃபோல்டருக்குள் இழுத்துவிட்டாள். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. டிஷ்ஷுக்கு மேலே போய், வானத்தில் திரும்பி, ஹோபார்ட்டில் இறங்க வேண்டும். ஒவ்வொரு கடிதமும் தயங்கித் தயங்கிப் போனது. மூன்று. ஐந்து. எட்டில் நின்று யோசித்தது. கெல்வின் திரையைப் பார்த்துக்கொண்டு, ஜெனரேட்டரிடம் சொல்வது போல, "போ, போ," என்றான்.

ஒன்பது முப்பத்தொன்பதுக்குப் பதினெட்டும் போய்ச் சேர்ந்தது. மிச்சமிருந்த நேரத்தில் பத்தொன்பதாவதை எழுதினாள். "மணி தப்பாக இருந்தது. நான் கதவுக்கு வெளியேதான் நின்றேன். இருபத்தைந்து பேருக்கு முதலில் ஆறு ஸ்பூன், பிறகு ருசி பார். அம்மா." போட்டாள். போனது.

ஒன்பதே முக்காலுக்குச் சரியாக ஃபோல்டர் மறைந்தது. சிவப்புக் குறி வந்தது. இந்த முறை அது வலிக்கவில்லை. டீகன் எதையும் மணி தவறாமல் செய்கிறவள், அந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது.

கெல்வின் தேநீர் போட்டுக் கொண்டுவந்தான். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவன் தேநீர் போட்ட நாட்கள் அவளுக்குத் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, தினமும் என்னத்தைத்தான் எழுதினாய் என்று கேட்டான். அவனிடம் அவள் இதுவரை சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. ஒரே கூரைக்குக் கீழே அவள் தனியாக எழுதினாள், அவன் அடுத்த அறையில் தனியாக ரேடியோ கேட்டான்.

நோலீன் சொல்ல ஆரம்பித்தாள். முதல் நாள் கேக்கைப் பற்றி மன்னிப்பு. இரண்டாம் நாள் ரோட்டில் ஒட்டகம் அடிபட்டது. நான்காம் நாள் மோட்டலில் தங்கிய ஜோடி கம்பளியைச் சுட்டுக்கொண்டு போனது. கெல்வின் சிரித்தான். ஏழாம் நாள் மழை வரும் மாதிரி இருந்து ஏமாற்றியது. எட்டாம் நாள் டீகன் பிறந்த கதை.

பிறகு அவள் நிறுத்திவிட்டாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ன?" என்றான் கெல்வின்.

"ஒன்பதையும் போட்டுட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. ஒன்பதாம் நாள் டீகனின் பிறந்தநாள். அன்று முழுக்க ஃபோல்டரைத் தட்டித் தட்டிப் பார்த்து, சாயங்காலம் கோபமும் அழுகையுமாக உட்கார்ந்து எழுதியது. போடுவதற்காக எழுதியதே இல்லை. எழுதி முடித்ததும் அழிக்கத்தான் நினைத்தாள். அழிக்கவும் மனம் வரவில்லை, படிக்கவும் தைரியம் வரவில்லை.

"என்ன எழுதினே?"

நோலீன் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "உன்னைப் பெத்ததுக்குப் பதிலா ஹேமிஷைப் பெத்திருக்கலாம்னு."

ஃபோல்டர் இல்லை. பெட்டி நின்றுவிட்டது. திருப்பி எடுக்க எந்த வழியும் இல்லை. நவம்பர்வரை இருட்டிலும் பனியிலும் உட்கார்ந்து படிக்க, மகள் அன்று போனில் கேட்டதற்குப் பதிலை இந்த அம்மாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

கெல்வின் எழுந்தான். எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த தன் போனை எடுத்தான்.

"நம்பர் என்ன?"

நோலீன் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மகளுக்கு முப்பத்தொரு வயது. அவன் தானாக அவளுக்குப் போன் போட்டதே கிடையாது. நோலீன் பேசி முடித்து நீட்டும்போது வாங்கி, நல்லாருக்கியா, அங்கே மழை உண்டா என்று கேட்டுத் திருப்பிக் கொடுப்பான். அந்த எண்ணை அவள் இலக்கம் இலக்கமாகச் சொன்னாள். அவன் தடித்த விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினான்.

ஜெனரேட்டர் பக்கத்திலேயே வாழ்ந்த காது. போனில் சத்தத்தை முழுசாக வைத்திருப்பான். மணி அடிப்பது அறை முழுக்கக் கேட்டது. ஆறு தடவை அடித்தது. ஏழாவதில் எடுத்தாள்.

"டீகன், நான் அப்பா."

"அம்மா போட்டதெல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதுல ஒன்பதுன்னு ஒண்ணு இருக்கும். அதைத் திறக்காதே, கண்ணு. அது உனக்கு இல்லை."

டீகன் உடனே பதில் சொல்லவில்லை. ஐந்து விநாடி இருக்கும். நோலீன் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துலயும் அதுதான்பா நீளமா இருந்துச்சு," என்றாள் டீகன். "அதைத்தான் முதல்ல திறந்தேன்."

மழையைப் பற்றிக்கூடக் கெல்வினுக்குக் கேட்க வரவில்லை.

"அம்மா பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"குடு அவகிட்ட."

அவன் போனை நீட்டினான். கம்ப்யூட்டரில் மணி பத்தேகால், இந்த ஊர் மணி. கப்பல் கிளம்ப இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. நோலீன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக் காதில் வைத்தாள்.